டெஸ்டரில் சரியாக ஓடியது இணையப் பக்கத்தில் ஏன் தவறுகிறது? ஏடிஎஃப் பிசினஸ் காம்போனென்ட்களைக் கட்டுவதும் சோதிப்பதும் பற்றி

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்; பிசகு இருந்தால் திருத்துங்கள். ஆரக்கிளின் நிரலாக்கக் கருவியான ஜேடெவலப்பர் 12சி-யில், உங்கள் அலுவலகத்தின் ஊழியர், துறை அட்டவணைகளிலிருந்து பிசினஸ் காம்போனென்ட்களை (ஏடிஎஃப் என்ற ஆரக்கிள் ஜாவா கட்டமைப்பில் தரவுத்தளத்தோடு பேசும் பகுதிகளை) உருவாக்கியிருக்கிறீர்கள். அவற்றை இணையப் பக்கம் இல்லாமலே இயக்கிப் பார்க்க உதவும் மாடல் டெஸ்டரில் ஓட்டிப் பார்த்தபோது தேடல், திருத்தம், சேமிப்பு எல்லாம் சரியாக நடந்திருக்கின்றன. இணையப் பக்கமாக்கி அலுவலகம் முழுவதற்கும் திறந்துவிட்ட பிறகு இரண்டு கோளாறுகள் தலைகாட்டின. ஒரே பயனர் ஒரு பதிவைச் சேமித்துவிட்டு உடனே மறுபடி திருத்தினால், "வேறொரு பயனர் இந்தப் பதிவை மாற்றிவிட்டார்" என்ற பொருளில் ஜேபிஓ-25014 பிழை வருகிறது. ஆனால் வேறு எவரும் அந்தப் பதிவைத் தொடவில்லை. இரண்டாவதாக, பயனர் தேர்ந்தெடுத்த துறையை அப்ளிகேஷன் மாட்யூலின் ஜாவா வகுப்பில் ஒரு மாறியில் வைத்திருக்கிறீர்கள். அது சில வேளைகளில் காலியாகிவிடுகிறது. "டெஸ்டரில் ஓடியதே, இதற்கு மேல் ஜேயூனிட் வேறு எழுத வேண்டுமா" என்று, அதாவது ஜாவா நிரலால் ஓடும் தானியங்கிச் சோதனைகளும் தேவையா என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது, டெஸ்டரில் ஒன்று சரியாக ஓடினால் அது எதை நிரூபிக்கிறது, எதை நிரூபிக்கவில்லை என்பதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் ஆரக்கிள் ஃபார்ம்ஸில் தொடங்கி, இந்தக் கட்டமைப்பு பிசி4ஜே என்ற பெயரில் இருந்த காலத்தில் இதற்கு மாறியவன். ஏடிஎஃப் பிசினஸ் காம்போனென்ட்ஸ் என்ற பெயர் பின்னால் வந்தது. பிழை எண்கள் இன்றும் ஜேபிஓ என்று தொடங்குவது அந்தப் பழைய காலத்தின் எச்சம். இன்று மாடல் டெஸ்டர் எனப்படுவதும் முன்பு பிசினஸ் காம்போனென்ட் பிரவுசர் என்றே அழைக்கப்பட்டது. பழைய கையேடுகளில் தேடும்போது இந்தப் பெயர் உதவும். உங்கள் அட்டவணைகளை நான் பார்த்ததில்லை. ஆகவே எடுத்துக்காட்டுகளை இருவரிடமும் இருக்கக்கூடிய, ஆரக்கிள் தரும் எச்ஆர் மாதிரித் தரவிலிருந்து தருகிறேன். அதில் ஊழியர் பதிவுகள் 107, துறைகள் 27.

மூன்று அடுக்குகளின் வேலைப் பங்கீட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாக விளங்கும். என்டிட்டி ஆப்ஜெக்ட் ஓர் அட்டவணையின் ஒரு பதிவைக் குறிக்கிறது. விதிகள், இயல்பு மதிப்புகள், சேமிக்கும் முறை ஆகியவை அதில் இருக்கும். வியூ ஆப்ஜெக்ட் ஒரு வினவல். எந்த நெடுவரிசைகள், எந்த வரிசைமுறையில், எந்த நிபந்தனையில் என்பதை அது சொல்கிறது. அப்ளிகேஷன் மாட்யூல் இவற்றையெல்லாம் ஒரே பரிவர்த்தனைக்குள், ஒரே தரவுத்தள இணைப்பில் கட்டி வைக்கிறது. நீங்கள் திருத்தும் மதிப்பு வியூவில் தெரிந்தாலும், உண்மையில் அது அந்தப் பரிவர்த்தனைக்கு உரிய என்டிட்டி கேஷில், அதாவது நினைவகத்தில் வைத்திருக்கும் பிரதியில்தான் இருக்கிறது. உங்கள் முதல் கோளாறு முழுவதும் இந்தக் கேஷைப் பற்றியது; இரண்டாவது, அந்த அப்ளிகேஷன் மாட்யூல் யார் கையில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதைப் பற்றியது.

கோளாறுகளுக்குப் போகும் முன், கட்டும்போதே நேர்ந்துவிடும் இரண்டு பிழைகளைச் சொல்ல வேண்டும். டெஸ்டர் இவற்றைக் காட்டத்தான் செய்யும், ஆனால் எண்ணிப் பார்ப்பவருக்கு மட்டுமே காட்டும். அட்டவணைகளிலிருந்து காம்போனென்ட்களை உருவாக்கும் விசார்ட், வெளிச்சாவிகளைப் பார்த்து இணைப்புகளைத் தானே அமைக்கிறது. எச்ஆரில் ஊழியருக்கும் துறைக்கும் இடையே இரண்டு வெளிச்சாவிகள் உள்ளன: ஊழியர் எந்தத் துறையைச் சேர்ந்தவர் என்பது ஒன்று, துறையின் மேலாளர் எந்த ஊழியர் என்பது மற்றொன்று. இதனால் அப்ளிகேஷன் மாட்யூலில் ஒரே ஊழியர் வியூ 1, 2, 3 என்று எண் போட்ட பல பிரதிகளாக வந்து நிற்கும். துறையின் கீழ் தொங்கும் பிரதியை விட்டுவிட்டுத் தனியாக நிற்கும் பிரதியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டால், எந்தத் துறையைச் சொடுக்கினாலும் 107 பேரும் அப்படியே நிற்பார்கள். விசார்ட் முடிந்த கையோடு இந்தப் பிரதிகளுக்குப் பொருள் விளங்கும் பெயர் வைத்துவிட்டு, வேண்டாதவற்றை நீக்கிவிடுங்கள். பிறகு டெஸ்டரில் 60-ஆம் துறைக்குப் போனால் ஐந்து ஊழியர்கள் வர வேண்டும். 120-ஆம் துறையில் ஒருவரும் வரக்கூடாது.

மற்றொன்று இன்னும் நுட்பமானது. ஊழியர் வியூவில் துறையின் பெயரும் தெரிய வேண்டும் என்று துறை என்டிட்டியையும் சேர்க்கிறோம். இணைப்பு வகையை நீங்கள் மாற்றாவிட்டால் அது இரு பக்கமும் பொருந்தும் பதிவுகளை மட்டும் தரும் இன்னர் ஜாயினாகவே இருக்கும். எச்ஆரில் 178 எண் கொண்ட ஊழியருக்குத் துறை இல்லை. ஆகவே பட்டியல் 106 ஆகிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது, ஓர் ஊழியர் மட்டும் சத்தமில்லாமல் காணாமல் போவார். லெஃப்ட் அவுட்டர் ஜாயின் என்று மாற்றினால் 107 திரும்பிவிடும். என்னிடம் சரிபார்க்க வரும் மாடல்களில் நான் முதலில் பார்ப்பது இந்த எண்ணிக்கையைத்தான்: அட்டவணையில் நேரடியாக எண்ணியதும் வியூ தரும் எண்ணிக்கையும் ஒன்றா?

இனி ஜேபிஓ-25014. இதன் இயக்கம் ஐயத்துக்கு இடமில்லாதது. ஒரு பதிவைப் பூட்டும்போது கட்டமைப்பு அதைத் தரவுத்தளத்திலிருந்து 'ஃபார் அப்டேட்' என்று மறுபடி படிக்கிறது. படித்த மதிப்புகளை, தன் கேஷில் 'மூல மதிப்பு' என்று வைத்திருப்பவற்றோடு ஒப்பிடுகிறது. எங்காவது வேறுபாடு இருந்தால், வேறொருவர் மாற்றிவிட்டார் என்று முடிவு கட்டுகிறது. மாற்றியது மனிதரா, தரவுத்தளத்துக்குள் தானே இயங்கும் நிரலான ட்ரிகரா என்று அதற்குத் தெரியாது. கமிட் செய்த (மாற்றங்களை நிலையாகச் சேமித்த) பிறகு கேஷ் இயல்பாக அழிக்கப்படுவதில்லை என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். உங்கள் அட்டவணையில், கடைசியாகத் திருத்திய நேரத்தைப் பதியும் ஒரு ட்ரிகர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் சேமிப்பில் ட்ரிகர் அந்த நெடுவரிசையை மாற்றிவிடுகிறது. கேஷில் பழைய நேரமே நிற்கிறது. அதே பயனர் அதே பதிவை மறுபடி திருத்தும்போது இரண்டும் பொருந்தாமல் போகின்றன. டெஸ்டரில் இது வராமல் இருந்ததற்குக் காரணம், அங்கே நீங்கள் ஒரு முறை சேமித்துவிட்டுச் சாளரத்தை மூடியிருப்பீர்கள். சேமித்து, மூடாமல், அதே பதிவை மறுபடி திருத்திச் சேமித்துப் பாருங்கள். ட்ரிகர்தான் காரணம் என்றால் டெஸ்டரிலேயே பிழை வரும்.

தீர்வு எளியது. ட்ரிகர் மாற்றும் ஒவ்வொரு நெடுவரிசைக்கும், என்டிட்டியில் அதற்குரிய பண்பைத் திறந்து, செருகிய பின்னும் திருத்திய பின்னும் புதுப்பிக்கும்படி குறியிட வேண்டும். அப்போது கட்டமைப்பு, சேமிக்கும் கட்டளையோடு 'ரிட்டர்னிங்' பகுதியைச் சேர்த்துப் புதிய மதிப்பை உடனே பெற்றுக்கொள்ளும். என்டிட்டி ஓர் அட்டவணையின் மேல் அமையாமல், 'இன்ஸ்டெட் ஆஃப்' ட்ரிகர் கொண்ட தரவுத்தள வியூவின் மேல் அமைந்திருந்தால் மட்டும் இந்த வழி செல்லாது. ஓஆர்ஏ-22816 என்று தரவுத்தளமே மறுத்துவிடும். அப்போது என்டிட்டியின் வரையறை வகுப்பில் ரிட்டர்னிங் பயன்பாட்டை நிறுத்த வேண்டியிருக்கும். உங்களுக்குத் தரவுத்தள அமைப்பை மாற்றும் உரிமை இருந்தால், ஒப்பிடுவதற்கென்றே ஒரு பதிப்பு எண் நெடுவரிசை வைத்து அதை மாற்றக் குறியீடாக அமைப்பதே எனக்குப் பிடித்த வழி. ஒப்பீடு அந்த ஒன்றோடு நின்றுவிடும்.

ஆனால் உங்கள் அட்டவணையில் ட்ரிகர் இருக்கிறது என்பது என் ஊகம் மட்டுமே. அதே பிழைக்கு நான் நேரில் கண்ட இன்னொரு காரணமும் உண்டு. ஒரே பக்கத்தில் இரண்டு தனித்தனி வேர் அப்ளிகேஷன் மாட்யூல்களைப் (வேறொன்றுக்குள் பொதியாமல் தனியே நிற்பவற்றை) பயன்படுத்தினால், அவை இரண்டு தனிப் பரிவர்த்தனைகள். ஒரு மனிதர்தான் என்றாலும் தரவுத்தளத்தின் கண்ணுக்கு இரண்டு பேர். ஒன்றின் வழியே சேமித்ததை மற்றொன்றின் வழியே திருத்தப்போனால், பிழைச் செய்தி உண்மையைத்தான் சொல்கிறது. இரண்டில் ஒன்றை மற்றதன் உள்ளே பொதிந்து வைத்தால் இரண்டுக்கும் ஒரே பரிவர்த்தனையாகிவிடும்.

எச்ஆரில் பழகுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஓர் ஊழியரின் துறையையோ பணியையோ மாற்றினால், அங்குள்ள ஒரு ட்ரிகர் பழைய விவரத்தைப் பணி வரலாற்று அட்டவணையில் எழுதுகிறது. அந்த அட்டவணையின் முதன்மைச் சாவி ஊழியர் எண்ணும் தொடக்க நாளும். தொடக்க நாளாக ட்ரிகர் எழுதுவதோ ஊழியர் பணியில் சேர்ந்த நாளை. ஆகவே ஒரே ஊழியரின் துறையை இரண்டாம் முறை மாற்றும்போது ஓஆர்ஏ-00001, அதாவது தனித்தன்மை மீறல், வந்தே தீரும். இது காம்போனென்டின் கோளாறு அல்ல, மாதிரித் தரவின் அமைப்பு. புதிதாகக் கற்பவர்கள் ஒரு நாள் முழுவதும் ஜாவாவைத் துருவிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். நானும் ஒரு நாள் அப்படித் துருவியவன்தான். ஜேபிஓ பிழையைப் பார்த்ததும் நின்றுவிடாமல், அதன் விவரத்தில் அடியில் இருக்கும் ஓஆர்ஏ வரி வரை படித்துவிடுவது நல்லது.

இரண்டாவது கோளாறுக்கு வருகிறேன். இங்கே எனக்கு ஊகம் தேவைப்படவில்லை, நீங்கள் விவரித்ததே போதும். இணையத்தில் அப்ளிகேஷன் மாட்யூல்கள் ஒரு பூலில், அதாவது பயனர்கள் மாறிமாறிப் பயன்படுத்தும் பொதுத் தொகுப்பில் இருக்கின்றன. பயனர் ஒரு கோரிக்கை அனுப்பும்போது ஒன்று அவருக்குக் கொடுக்கப்படுகிறது. கோரிக்கை முடிந்ததும் அது பூலுக்குத் திரும்புகிறது. முடிந்தவரை அதே பயனருக்கு அதையே திருப்பித் தரத்தான் பூல் பார்க்கும். நெருக்கடி வந்தால், அவருடைய நிலையை எழுதி வைத்துவிட்டு, மாட்யூலை வேறொருவருக்குத் தந்துவிடும். முதல் பயனர் திரும்பி வரும்போது, எழுதி வைத்ததிலிருந்து நிலையை மீட்டுத் தரும். எழுதி வைக்கப்படுபவை: சேமிக்கப்படாத திருத்தங்கள், நடப்புப் பதிவின் சாவி, பைண்ட் மாறிகளின் (வினவலுக்கு ஓடும்போது தரப்படும் மாறிகளின்) மதிப்புகள் முதலியன. உங்கள் ஜாவா வகுப்பில் நீங்களாக அறிவித்த மாறி அந்தப் பட்டியலில் இல்லை. இந்த நெருக்கடி எப்போது தொடங்கும் என்பதற்கு மறுசுழற்சி வரம்பு என்று ஓர் அமைப்பு உண்டு. அதன் இயல்பு மதிப்பு 10. நீங்கள் தனியாகவோ, உடன் பணிபுரியும் நாலைந்து பேரோடோ சோதிக்கும்போது வரம்பைத் தொட மாட்டீர்கள். அலுவலகம் முழுவதும் உள்ளே வந்த காலையில்தான் அது நடக்கிறது. "சில வேளைகளில்" என்று நீங்கள் எழுதியதன் பொருள் அநேகமாக "பதினோராவது ஆள் வந்த பிறகு" என்பதுதான்.

மாறியைக் காக்க இரண்டு வழிகள் உண்டு. அப்ளிகேஷன் மாட்யூல் வகுப்பில், நிலையை எழுதும் முறையையும் மீட்கும் முறையையும் மேலெழுதி, உங்கள் மதிப்பை நீங்களே எழுதி மீட்கலாம். அல்லது, தரவுத்தளத்தோடு தொடர்பில்லாத ஒற்றைப் பதிவு வியூ ஒன்றை உருவாக்கி, அதன் தற்காலிகப் பண்பில் மதிப்பை வைத்து, அந்தப் பண்பும் நிலையோடு எழுதப்பட வேண்டும் என்று வியூவின் அமைப்பில் குறிக்கலாம். பக்கத்தோடு பிணைப்பது எளிது என்பதால் எனக்கு இரண்டாவதே உவப்பு.

இதைச் சோதிக்க பதினொரு பேரைக் கூட்ட வேண்டியதில்லை. அப்ளிகேஷன் மாட்யூலின் கான்ஃபிகரேஷனில், பூலிங் பகுதியில், மாட்யூல் பூலிங்கை இயக்கும் கட்டத்தின் குறியை நீக்கிவிட்டு இணையப் பக்கத்தை ஓட்டுங்கள். அப்போது ஒவ்வொரு கோரிக்கையின் முடிவிலும் நிலை எழுதப்பட்டு, அடுத்ததன் தொடக்கத்தில் மீட்கப்படும். பக்கம் மெதுவாகும்; ஆனால் எங்கெல்லாம் மதிப்பு தொலைகிறதோ அங்கெல்லாம் ஒவ்வொரு முறையும் தவறாமல் தொலையும். இடைவிட்டு வரும் கோளாறை எப்போதும் வரும் கோளாறாக மாற்றிவிட்டால் பாதி வேலை முடிந்தது. இதைச் சோதனைச் சூழலில் மட்டும் செய்யுங்கள். குறியைத் திருப்பி வைக்க மறக்காதீர்கள். நிலை எழுதப்படுவது பிஎஸ்_டிஎக்ஸ்என் என்ற அட்டவணையில்; அது இல்லாவிட்டால் கட்டமைப்பு தானே உருவாக்க முயலும். இணைக்கும் பயனருக்கு அட்டவணை உருவாக்கும் உரிமை இல்லாவிட்டால் முதல் எழுத்திலேயே பிழை வரும்; தரவுத்தள நிர்வாகியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இனி ஜேயூனிட். எழுத வேண்டும் என்பதே என் கருத்து, ஆனால் எல்லாவற்றுக்கும் அல்ல. ஜேடெவலப்பரில் பிசினஸ் காம்போனென்ட்களுக்கான சோதனைத் தொகுப்பை உருவாக்கும் விசார்ட் ஒன்று நீட்சியாகக் கிடைக்கிறது. அது உருவாக்கித் தரும் சோதனைகள், வியூ இருக்கிறதா என்பதற்கு மேல் பெரிதாக எதையும் பார்ப்பதில்லை. பச்சைக் கோடு வந்ததும் மகிழ்ந்துவிட வேண்டாம். பயனுள்ள சோதனை எப்படி இருக்கும் என்று ஒன்றைக் காட்டுகிறேன். ஊழியரின் சம்பளம் அவருடைய பணிக்குரிய வரம்புக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. எச்ஆரில் நிரலாளர் பணிக்கு வரம்பு 4000 முதல் 10000 வரை. 107 எண் கொண்ட நிரலாளரின் சம்பளம் 4200. சோதனையில் அவரைச் சாவியால் தேடி எடுத்து, சம்பளத்தை 3900 ஆக்கி, பிழை வருகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த விதி சம்பளம், பணி என்ற இரண்டு பண்புகளைச் சார்ந்தது. ஆகவே பண்பளவில் வைக்காமல் என்டிட்டி அளவில் வைக்க வேண்டும். என்டிட்டி அளவில் வைத்தால் மதிப்பைப் போட்ட கணத்தில் விதி இயங்காது. அந்தப் பதிவை விட்டு நகரும்போதோ, பரிவர்த்தனையைச் சரிபார்க்கும்போதோதான் இயங்கும். சோதனையில் சரிபார்க்கும் முறையை வெளிப்படையாக அழைக்காவிட்டால் பிழையே வராது. விதியே இல்லை என்று தவறாக நினைத்துவிடுவீர்கள்.

சரிபார்த்த பின் கமிட் செய்யாமல், மாற்றங்களைத் தரவுத்தளத்துக்கு அனுப்பும் முறையை மட்டும் அழைத்து, ட்ரிகர்களும் கட்டுப்பாடுகளும் இயங்குவதைப் பார்த்துவிட்டு ரோல்பேக் செய்து, மாற்றங்களைத் திரும்பப் பெற்றுவிடலாம். மாதிரித் தரவு கெடாது, அடுத்த சோதனை முன்னதைச் சார்ந்திருக்காது. இதற்கும் எல்லை உண்டு. கமிட்டின்போது மட்டும் சரிபார்க்கப்படும் ஒத்திவைத்த கட்டுப்பாடுகள் இதில் பிடிபடா. ட்ரிகருக்குள் தனியே கமிட் ஆகும் தன்னாட்சிப் பரிவர்த்தனை இருந்தால் அது எழுதியதை உங்கள் ரோல்பேக் திரும்பப் பெறாது. தரவுத்தளம் வரிசையாக வழங்கும் சீக்வென்ஸ் எண்களும் பின்னால் போகா. ஆகவே புதிய ஊழியரின் எண் 207 ஆகத்தான் இருக்கும் என்று சோதனையில் எழுதினால் அடுத்த ஓட்டத்திலேயே அது தவறும்.

சோதனைக்கென்று, தரவுத்தளத்தோடு நேரடியாக இணையும் தனிக் கான்ஃபிகரேஷன் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். சர்வரில் இருக்கும் டேட்டா சோர்ஸின் பெயரைத் தேடும் கான்ஃபிகரேஷன், சர்வருக்கு வெளியே தனியாக ஓடும் சோதனையில் அந்தப் பெயரைக் கண்டுபிடிக்காது. சோதனைத் தொடக்கத்தில் வேர் மாட்யூலை உருவாக்க 'கான்ஃபிகரேஷன்' வகுப்பைப் பயன்படுத்துவது சரியே, முடிவில் விடுவிக்க மறவாதிருந்தால். ஆனால் அதே வரிகளை நகலெடுத்து இணையப் பக்கத்தின் பின்புல வகுப்பில் போடாதீர்கள். அங்கே அது, பக்கத்தைத் தரவோடு இணைக்கும் பைண்டிங்குகள் பயன்படுத்தும் மாட்யூலை விட்டு வேறொன்றை எடுக்கும். விடுவிக்கத் தவறினால் இணைப்புகள் கசியும். நீங்கள் இதைச் செய்திருந்தால், மேலே சொன்ன 'இரண்டு வேர் மாட்யூல்' நிலைமைக்கு வந்து சேர்ந்த வழியும் இதுவாகவே இருக்கலாம்.

டெஸ்டரை இத்தனை குறை சொன்னாலும் நான் நாள்தோறும் பயன்படுத்துவது அதைத்தான். பைண்ட் மாறிகள், தேடல் நிபந்தனைகள், மேல்-கீழ் இணைப்புகள், மதிப்புப் பட்டியல்கள் ஆகியவற்றை ஒரு வரி நிரல் எழுதாமல் பார்க்க அதைவிட விரைவான வழி இல்லை. ஜேபிஓவின் பிழைத்திருத்த வெளியீட்டைக் கன்சோலுக்குத் திருப்பி ஓட்டினால், அது அனுப்பும் ஒவ்வொரு வினவலும் கண்ணெதிரே ஓடும். துறைப் பட்டியலைத் திறந்ததும் ஒரே வினவல் 27 முறை வந்தால், ஏதோ ஒரு கணக்கிடும் பண்பு ஒவ்வொரு துறைக்கும் தனியாகத் தரவுத்தளத்துக்குப் போய்வருகிறது என்று அர்த்தம். இரண்டு டெஸ்டர்களை ஒரே நேரத்தில் திறந்து ஒரே பதிவைத் திருத்தினால் இரண்டு பயனர் நிலைமையையும் பார்க்கலாம். சேமிக்கும்போது மட்டும் பதிவைப் பூட்டும் ஆப்டிமிஸ்டிக் முறையில் பிந்திச் சேமிப்பவருக்கு உண்மையான ஜேபிஓ-25014 வரும். திருத்தத் தொடங்கும்போதே பூட்டும் பெசிமிஸ்டிக் முறையில், இரண்டாமவர் மதிப்பை மாற்றத் தொடங்கும்போதே, மற்றவர் பூட்டி வைத்திருக்கிறார் என்று ஜேபிஓ-26030 வரும். இணையத்துக்கு ஆப்டிமிஸ்டிக்தான் பொருந்தும்.

உங்கள் வழக்கில் நான் தீர்மானிக்க முடியாதது முதல் கோளாறின் காரணம் மட்டுமே. யூசர்_ட்ரிகர்ஸ் வியூவில் உங்கள் ஊழியர் அட்டவணைக்கு என்னென்ன ட்ரிகர்கள் காட்டப்படுகின்றன என்பதையும், பக்கத்தின் பைண்டிங் கோப்பில் எத்தனை டேட்டா கன்ட்ரோல்கள் (ஒவ்வொன்றும் ஒரு வேர் மாட்யூலைக் குறிப்பது) வருகின்றன என்பதையும் எழுதுங்கள். முதலாவதில் ஒன்றும் இல்லாமல் இரண்டாவதில் ஒன்றுக்கு மேல் இருந்தால், ட்ரிகர் பற்றி நான் மேலே எழுதியதை விட்டுவிட்டு மாட்யூல்களைப் பொதிப்பதிலிருந்து தொடங்கலாம்.